ஐந்து நாள் பொறுத்திருந்தால்...

ஆண்டு மலரில் கவிதை எழுதாமல் வரியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் பதினைந்தாயிரம் ரூபாய் போன கதை இது.

போடியில் பிறந்தவனுக்கு ஏலக்காய் விலை தெரியும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டபோது ஊரே திருவிழாவாக இருந்தது. அந்த ஆண்டு தாத்தா மூன்று லட்சம் ரூபாயை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா பள்ளி ஆசிரியர். அதை அவர் பெயரிலேயே பங்குச் சந்தை மியூச்சுவல் பண்டில் போட்டார்.

அக்காவின் கல்லூரிச் செலவுக்காக 2025 மார்ச் 27 அன்று மொத்த யூனிட்டையும் விற்றார். கிடைத்தது ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். லாபம் 2,40,000. "ஏலக்காய்ப் பணம்தானே, விவசாய வருமானத்துக்கு ஏதுடா வரி?" என்றார் அப்பா. காய் விற்ற பணத்துக்கு வருமான வரி இல்லை, வாஸ்தவம். ஆனால் அந்தப் பணம் பண்டுக்குள் போய்ப் போட்ட குட்டிக்கு உண்டு!

2024 ஜூலை 23 முதல் கணக்கு இதுதான். பங்குப் பண்டு யூனிட்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் ஒன்றேகால் லட்சம் வரை லாபத்துக்கு வரியில்லை. மிச்சத்துக்குப் பன்னிரண்டரை சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் இருபது சதவீதம், அந்த ஒன்றேகால் லட்சச் சலுகையும் கிடையாது. அப்பாவுக்கு 1,15,000-க்கு வரி 14,375, அதன்மேல் செஸ் 575. ஆக 14,950 ரூபாய்.

பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் விற்றிருந்தால்? ஆண்டுக்கு 1,20,000 லாபம். வரி பூஜ்யம்! பீஸ் கட்ட வேண்டியதோ ஜூன் மாதம். தாத்தாவிடம் சொன்னபோது, "ஏண்டா, ஒரே எடுப்புல பிஞ்சு பழம் பார்க்காம உருவிட்டீங்களா?" என்று கேட்டார். மலையில் ஒரு செடியில் சுற்றுச் சுற்றாகத்தானே காய் எடுக்கிறோம்? இன்னொன்று, பணத்தைத் தாத்தா தன் பெயரிலேயே போட்டிருந்தால் அவருக்கு வேறு வருமானம் இல்லாததால் அடிப்படை வரிவிலக்கு வரம்புக்குள்ளேயே எல்லாம் அடங்கியிருக்கும். இதைச் சொல்ல எங்களுக்கு ஆளில்லை. விற்றுக் கொடுத்த ஏஜெண்டும் வாயைத் திறக்கவில்லை.

நமக்கென்ன என்கிறீர்களா? டிப்ளமோ முடித்து ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிற நம் சீனியர்கள் மாதம் ஆயிரம், ஐநூறு என்று எஸ்.ஐ.பி. போடுகிறார்கள். பன்னிரண்டு மாதம் கட்டிவிட்டு, 'ஒரு வருஷம் ஆச்சு' என்று பதின்மூன்றாம் மாதம் மொத்தமாக எடுத்தால், ஓராண்டைத் தாண்டியது முதல் தவணை மட்டும்தான். ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஓராண்டு! விற்கும்போது முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் போகும். பல பண்டுகளில் ஓராண்டுக்குள் எடுத்தால் வெளியேறும் கட்டணம் வேறு பிடிப்பார்கள். கடன் பத்திரப் பண்டுகளின் கதையே வேறு. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியவை என்றால் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் லாபம் சம்பளத்தோடு சேர்ந்துவிடும்.

அதற்காக வரிக்குப் பயந்து விற்காமலே இருப்பதும் முட்டாள்தனம் என்பேன். ஆஸ்பத்திரிச் செலவு மார்ச் 31 பார்த்து வருவதில்லை. அவசரமில்லாத பணத்துக்குத்தான் காலண்டர். அந்த ஒன்றேகால் லட்சத்தை இந்த ஆண்டு பயன்படுத்தாவிட்டால் அடுத்த ஆண்டுக்குச் சேராது. அதனால் சிலர் மார்ச்சில் அந்த அளவு லாபத்துக்கு மட்டும் விற்று, உடனே திரும்ப வாங்கிவிடுகிறார்கள். சட்டப்படி தப்பில்லை. ஆனால் புதிய யூனிட்டுக்கு ஓராண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும், ஞாபகம் இருக்கட்டும்.

மூன்று வருடத்தில் லேத்தும் சர்வேயும் சொல்லித் தருகிறார்கள். கடைசி செமஸ்டரில் ஒரு மணி நேரம், ஒரு பண்டு ஸ்டேட்மெண்டை எப்படிப் படிப்பது என்றும் சொல்லித் தந்தால் என்ன? பேரவை இதைக் கேட்க வேண்டும். பாடத்துக்கு ஸ்டேட்மெண்ட் வேண்டுமானால் எங்கள் அப்பாவுடையதைக் கொண்டு வருகிறேன். தர அவருக்குச் சம்மதம்தான், பெயரை மட்டும் அடித்துவிடச் சொல்கிறார்.