எத்திசையும் ஓடும் சக்கரம் நம் மாணவர்க்கு வேண்டுமா?



உலக ரோபோ ஒலிம்பியாட் 2004இல் சிங்கப்பூரில் தொடங்கி, 2012இல் கோலாலம்பூருக்கும் வந்தது. எந்திரப் போட்டி என்றால் பெரிய பள்ளிகளுக்குரியது என்று ஒதுங்கி நின்ற காலம் மாறி, இப்பொழுது தமிழ்ப்பள்ளி மாணவர்களும் களத்தில் நிற்கின்றனர். மகிழ்ச்சிதான். ஆனால், போட்டிக்காலம் நெருங்கும்போதெல்லாம் ஒரு கோரிக்கையும் உடன் வந்துவிடுகின்றது: "மற்றப் பள்ளியின் எந்திரன் பக்கவாட்டில் நண்டுபோல் ஓடுகிறதே, நமக்கும் அந்தச் சக்கரத்தை வாங்கித் தாருங்கள்."

செலவாவது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணம். ஆகவே என் கருத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன். தொடக்கப்பள்ளி மாணவர் செய்யும் பெரும்பாலான பணிகளுக்கு இச்சக்கரம் தேவையில்லை. தேவைப்படும் இடத்திலும், அது எப்படி ஓடுகிறது என்று மாணவன் தன் வாயால் விளக்கும்வரை வாங்க வேண்டியதில்லை.

இச்சக்கரங்களில் இரு வகை உண்டு. ஒன்றில் விளிம்பைச் சுற்றிலும் உள்ள சிறு உருளைகள், சக்கரம் உருளும் திசைக்குக் குறுக்காக வழுக்கிச் செல்லும்படி அமைந்திருக்கும். இத்தகைய மூன்று சக்கரங்களை 120 பாகை இடைவெளியில் பொருத்தினால் எந்திரன் திரும்பாமலேயே எத்திசையும் செல்லும். மற்றொன்று மெக்கானம் சக்கரம். 1970களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் பெங்ட் ஈலோன் உருவாக்கியது. இதில் உருளைகள் 45 பாகை சாய்ந்திருக்கும். நான்கு சக்கரம், நான்கு மோட்டார் கட்டாயம் வேண்டும்.

இதனை விளக்கக் கணினிகூட வேண்டாம். வகுப்பறை மேசையின் நான்கு மூலைகளில் நான்கு மாணவரை நிறுத்துங்கள். இடமுன், வலப்பின் மூலைகளில் நிற்போர் வலமுன்னாகச் சாய்வாகவும், வலமுன், இடப்பின் மூலைகளில் நிற்போர் இடமுன்னாகச் சாய்வாகவும் தள்ளட்டும். பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மேசை நேராக முன்னேறும். இனி இடமுன், வலப்பின் மூலைகளில் நிற்போர் முன்போலவே தள்ளட்டும். மற்ற இருவரும் தாம் தள்ளிய திசைக்கு நேர் எதிராக இழுக்கட்டும். முன்பின் விசைகள் அழிந்து, மேசை வலப்பக்கம் நகரும். மெக்கானம் சக்கரத்தின் மருமம் இவ்வளவே. ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கு இது தமிழில் அழகாகவே விளங்கும்.

இனி, ஏன் தேவையில்லை என்கிறேன்? எளிய கணக்கு ஒன்று போதும். பல பள்ளிகளின் அலமாரிகளில் இருப்பது 2013இல் வெளிவந்து, 2021இல் விற்பனை நிறுத்தப்பட்ட லெகோ ஈவி3 பெட்டி. அதில் மோட்டார் இணைக்க நான்கு இடங்களே உள்ளன. நான்கையும் சக்கரங்களுக்கே கொடுத்துவிட்டால், பொருளைத் தூக்கும் கைக்கு எதைக் கொடுப்பது? மூன்று சக்கர அமைப்பானால் ஒரே ஓர் இடம் மிஞ்சும். பின்னர் வந்த ஸ்பைக் பிரைமில் ஆறு இடங்கள் உண்டு. ஆனால் உணரிகளும் அந்த ஆறிலேயே பங்கு கேட்கும்.

அடுத்தது வழுக்கல். ஈவி3 பெட்டியில் வரும் 5.6 செண்டிமீட்டர் விட்டமுள்ள சாதாரணச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 17.6 செண்டிமீட்டர் ஓடும். நூலைச் சுற்றி அளந்தே மாணவன் இதைக் கண்டுபிடித்து, தூரத்தைச் சுற்றுகளாக மாற்றி நிரல் எழுதலாம். உருளைச் சக்கரமோ பக்கவாட்டில் செல்கையில் வழுக்கும். மோட்டார் எண்ணிய சுற்றும் உண்மையில் கடந்த தூரமும் பொருந்தாமல் போகும். தூசி, விரிப்பின் மடிப்பு எல்லாம் அதற்குப் பகை. சட்டகம் சற்றே முறுக்கியிருந்து ஒரு சக்கரம் தரையை அழுத்தாவிட்டாலும் எந்திரன் கோணிக்கொண்டு ஓடும். இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், பின்னால் தாங்க ஓர் உருள்குண்டு. கோட்டைப் பின்பற்றவும் பொருளை எடுத்து வைக்கவும் இது தாராளமாகப் போதும்.

காற்பந்து எந்திரன் மட்டும் விதிவிலக்கு. பந்தை நோக்கிய முகத்தைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்வது அங்கே உண்மையான தேவை. ரோபோகப் ஜூனியர் காற்பந்தில் பல்திசைச் சக்கரங்கள் மிகுதியாகக் காணப்படுவது அதனால்தான். அப்போட்டிக்குச் செல்லும் மாணவருக்கு வாங்கிக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. முழுதாகப் பூட்டி, நிரலும் ஏற்றித் தரப்படும் அடித்தளத்தை வாங்கி, மாணவன் கையில் பொத்தானை மட்டும் கொடுக்கும் வழக்கம். நடுவர் "இது எப்படிப் பக்கவாட்டில் போகிறது?" என்று கேட்க, பிள்ளைகள் திரும்பி ஆசிரியர் முகத்தைப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். கோப்பை கிடைத்தாலும் அந்தப் பிள்ளை எதைச் செய்தது? அதே பணத்தில் கூடுதலாக இரண்டு சாதாரணப் பெட்டிகள் வாங்கினால், பார்த்துக்கொண்டு நிற்கும் மாணவர் சிலரும் கைவைத்துப் பழகுவார்கள் அல்லவா?

வாங்கத்தான் போகிறோம் என்போர், முதலில் போட்டி விதிமுறையைப் படியுங்கள். எத்தனை மோட்டார் அனுமதி, எந்திரனின் அளவு வரம்பு என்ன, வேறு நிறுவனத்தின் சக்கரத்தைப் பொருத்தலாமா என்பவற்றை உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு கடைக்காரரை அழையுங்கள்.