தாயகமாம், திரும்பினோமாம்!

‘தாயகம் திரும்பியோர்’. அரசாங்கம் எங்களுக்கு வெச்ச பேரு இது. அட்டையில் அச்சடிச்சு, முத்திரை குத்தி, கையில் குடுத்த பேரு. இதை எழுதிய அதிகாரி ஒருநாளும் மண்டபம் முகாம் வரிசையில் கைக்குழந்தையோடு நின்றிருக்க மாட்டான். திரும்புவதென்றால் முதலில் ஓரிடத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். 1973இல் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய எங்கப்பாயி பிறந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். அதைப் பெத்தவளும் பிறந்தது அங்கேதான். அப்பாயி திரும்பவில்லை தோழர்களே, வந்தது. அதுக்கு இந்தியா ஒரு புது தேசம்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேரை என்ன செய்வதென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவான். இங்கே அதுகூட இல்லை.

“விண்ணப்பம் போட்டுத்தானே வந்தீங்க, யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளலையே?” என்று ஒரு தமிழ்த்தேசியத் தோழர் என்னிடம் கேட்டார். ஆமா, போட்டாங்க. ஓட்டு இல்லாதவன், கள்ளத்தோணி என்று தெருவில் ஏசப்படுகிறவன், நாளைக்குப் பேர் வெட்டிடுவானோ என்று பயந்து கிடந்தவன் போட்ட விண்ணப்பம் அது. மலையிலிருந்து அவர்களை இறக்கிக் கொண்டுவந்த ரயிலுக்கு அந்தச் சனமே வைத்த பேர் ‘ஒப்பாரிக் கோச்சி’. விரும்பிப் போகிறவன் ஏறுகிற வண்டிக்கு யாராவது அப்படிப் பேர் வைப்பானா? அந்த வண்டியில் வந்தவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர். இனம், மொழி, மானம் என்று மேடையதிரப் பேசுகிற இந்தத் தமிழ்நாட்டில் அந்த ஒப்பாரி யார் காதிலும் விழாததற்கு வேறென்ன காரணம் இருக்கிறது?

முகாமில் “சொந்த ஊர் எது?” என்று கேட்டிருக்கிறார்கள். தாத்தாவுக்குத் தெரிந்தது துறையூர்ப் பக்கம் ஒரு ஊரின் பேர் மட்டும். அதுவும் அவருடைய தாத்தா சொன்னது. எழுதிக்கொண்டு, பயணப்படியும் ரெண்டு போர்வையும் குடுத்து அனுப்பிவிட்டார்கள். சேரியில் தூரத்துச் சொந்தம் ஒருத்தர் தாழ்வாரத்தை ஒதுக்கிக் குடுத்தார். ஆறு பேருக்கு ஒரு தாழ்வாரம். மறுநாள் தாத்தா வேலை தேடி ஊர்த்தெருவுக்குப் போனார். சேரியில் ஒருத்தருக்கும் நினைவில்லாத எங்கள் பாட்டனை நினைவில் வைத்திருந்தது பண்ணை வீடு. “ராத்திரியோட ராத்திரியா எங்க பண்ணையை விட்டு ஓடுனவன் வம்சமாடா நீ?” என்று திண்ணையிலிருந்து கேட்டார்களாம். அப்பாயி இதைச் சொல்லும்போது அழாது. சிரிக்கும். “தாயகம் நம்மள மறக்கல சாமி”ன்னு சொல்லும்.

ஒரு குடும்பம் புது தேசத்தில் பழகுவது சின்னச் சின்ன சங்கதிகளில்தான். கடையில் அப்பாயி “ஒரு றாத்தல் பாண் குடுங்க” என்றால் சிரிப்பார்கள். ரயிலைக் கோச்சி என்றதற்காக எங்கப்பாவுக்கு வகுப்பில் ‘கோச்சி’ என்றே பட்டப்பேர். காசைச் சல்லி என்று சொல்வதை விட்டார்கள். கோதுமை ரொட்டியும் சம்பலும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தின்கிற பண்டமாயின. ஆறு மாதத்தில் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் ஒரு பாடம் மட்டும் ஒரு நாளிலேயே முடிந்துபோனது. டீக்கடையில் தாத்தாவுக்குத் தனிக் குவளை. இலங்கையிலிருந்து வந்தவர், பேச்சு வேறு, சட்டை வேறு, ஊருக்கே புது முகம். ஆனாலும் கால்மணி நேரத்தில் அந்தக் கடைக்காரனுக்கு அவர் சாதி தெரிந்துவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

தோட்டத்தில் சாதியே இல்லை என்று நான் கதை விடப்போவதில்லை. கங்காணி எந்தச் சாதி, லயத்தில் யார் எந்தப் பக்கம், தப்படிக்கப் போனவன் எவன் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால் பேர்தான் கூப்பிட்டார்கள். சம்பளம் ஒன்று. அந்த அற்ப அளவுச் சமத்துவத்தைக்கூட இங்கே வந்து இழக்க வேண்டியிருந்தது என்பதுதான் என் வழக்கு.

அந்த ஊரில் மூன்று மாதம். அப்புறம் கோத்தகிரி. எல்லாரும் இப்படித்தான் சிதறினார்கள். நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சிலர், கேரளத்தில் புனலூருக்கும் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் ரப்பர் காடுகளுக்கும் சிலர். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கூப்புகளில் முன்பணத்துக்குக் கொத்தடிமையாகக் கிடந்த குடும்பங்கள் 1980களில்தான் வெளியே தெரிய வந்தன. நிலம் குடுத்தானா? குடுக்கவில்லை. ‘மறுவாழ்வு’ என்றான். பழைய வாழ்வு கொழுந்து பறிப்பது. மறுவாழ்வும் கொழுந்து பறிப்பது. அரசுத் தோட்டத்தில் ஓய்வு பெற்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பது கூடுதல் சிறப்பு.

இப்போது குவளைக்கு வருகிறேன். டீக்கடைக்காரன் கால்மணி நேரத்தில் கண்டுபிடித்த சாதியை, தாலுகா அலுவலகம் ஐம்பது வருசமாகியும் கண்டுபிடிக்கவில்லை. என் சித்தப்பா மகள் கல்லூரியில் சேர சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனாள். “1950ல உங்க குடும்பம் தமிழ்நாட்டுல எங்க இருந்துச்சு? அத்தாட்சி இருக்கா?” 1950 ஆகஸ்ட்டில்தான் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. அந்த ஆகஸ்ட்டில் எங்கப்பாயி முதுகில் கூடையோடு தேயிலை மலையில் நின்றது. அதற்கு இந்த நாட்டில் எந்தக் கிராம அலுவலர் அத்தாட்சி குடுப்பார்? கண்டியில் இந்தியத் தூதரக அதிகாரி குடுத்த கடவுச்சீட்டைக் காட்டினாள். குடும்ப அட்டையைக் காட்டினாள். “அகதி முகாம் அட்டை இல்லையா?” என்று கேட்டிருக்கிறார் எழுத்தர். 1983க்குப் பிறகு படகேறி வந்த அகதிக்கும், அதற்கு முன்னமே இந்தியக் குடியுரிமையோடு வந்து இறங்கியவனுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்தான் எங்கள் தலையெழுத்தை எழுதுகிறார்.

ஆக, தாயகம் என்று சொல்லும்போது நாங்கள் இங்கேயே காலங்காலமாக இருந்தவர்கள். சலுகைக் காகிதம் கேட்டால் வெளிநாட்டுக்காரர்கள். தீண்டும்போது பறையன், பதியும்போது யாரோ!

நான் பொதுப்பிரிவில் எழுதித்தான் வங்கி வேலைக்கு வந்தேன். “பாத்தீங்களா, சான்றிதழ் இல்லாம உங்களால முடிஞ்சுதே” என்று மேலதிகாரி ஒருத்தர் மெச்சினார். எனக்கு முடிந்தது சார். மூணு தடவை தோற்று, அப்பா ரெண்டு மாடு விற்று, நாலாவது தடவை முடிந்தது. என் தங்கச்சிக்கு முடியவில்லை, அவள் இன்றைக்குத் திருப்பூரில் பனியன் மடிக்கிறாள். அவரிடம் இதைச் சொல்லவில்லை. கவுண்ட்டரில் ஆள் நின்றது.

நின்றது ஒரு கிழவி. நகையை அடகு வைக்க வந்தது. பிளாஸ்டிக் பையிலிருந்து பழைய குடும்ப அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தது. மடிப்பில் கிழிந்து, பசை போட்டு ஒட்டிய அட்டை. “இது வேணாம் ஆத்தா, ஆதார் போதும்” என்றேன். “இருக்கட்டும் சாமி, இத யாரும் வேணாங்கக் கூடாது” என்று திரும்பவும் என் பக்கம் தள்ளியது. 1969இல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்கென்றே ரெப்கோ வங்கியை ஆரம்பித்த அரசாங்கத்துக்கு, எங்களுக்கு மறுவாழ்வு வேண்டுமென்று தெரிந்திருக்கிறது. கடன் குடுக்கத் தெரிந்த அரசுக்குச் சாதியைப் பதிந்து குடுக்க மட்டும் ஏன் கை வரவில்லை? கடனைத் திருப்பிக் கட்டிவிடுவோம், இடஒதுக்கீட்டில் வந்தால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவோம் என்பதாலா?

ஈழத்துக்காகத் தெருவுக்கு வந்த மாணவர்களை நான் மதிக்கிறேன். நானும் வந்தவன்தான். ஆனால் அந்த ஊர்வலங்களில் ஒரு பதாகையிலாவது கோத்தகிரி என்ற பேரைப் பார்த்திருக்கிறீர்களா?

சித்தப்பா மகளின் மனு மூன்றாம் முறையும் திரும்பிவிட்டது. ‘1950க்கு முந்தைய ஆவணம் இணைக்கவும்.’ திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு நாள். இந்த முறை எங்க லைனிலிருந்து பதினாலு வீடு சேர்ந்து போகிறோம். அப்பாயியையும் கூட்டிக்கொண்டு போகிறோம், அதுதான் எங்களிடம் இருக்கிற 1950க்கு முந்தைய ஆவணம். வருகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வாசலுக்கு வந்துவிடுங்கள். டோக்கன் பத்து மணியோடு முடிந்துவிடும்.