கடையும் ஜெபக்கூடமும் ஒன்றல்ல

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வணிகக் கட்டடம் ஜெபக்கூடமாக மாறும்போது எழும் வாதம் இது: “சொந்தக் கட்டடம், கடைக்கு வந்த கூட்டம் ஜெபத்துக்கு வரக் கூடாதா?”

வரலாம், ஆனால் கூட்டத்தின் தன்மை வேறு. கடைக்கு ஆட்கள் நாள் முழுக்க வந்து போவர். ஜெபம் முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில், ஒற்றை ஷட்டர் வழியாக வெளியேறுவர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு கடையை வணிகப் பிரிவிலும் வழிபாட்டிடத்தை மக்கள் கூடுமிடப் பிரிவிலும் வைப்பது இதனால்தான். வெளியேறும் வழி, தீயணைப்பு, வண்டி நிறுத்தம் எல்லாம் புதிதாகக் கணக்கிடப்பட வேண்டும்.

“மத உரிமை” என்பது அடுத்த வாதம். அரசமைப்பின் 25-ஆம் பிரிவே அவ்வுரிமையைப் பொது ஒழுங்குக்கும் சுகாதாரத்துக்கும் உட்படுத்துகிறது. சென்னைத் தேவாலயம் ஒன்றின் ஒலிபெருக்கி வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது.

எதிர்ப்பவர் வாதமும் செல்லாது. “எங்கள் தெருவில் தேவாலயமா?” என்பது திட்டவிதி அல்ல, வெறுப்பு. திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து மாதா ஆலயமும் வில்லியனூரில்தான் இருக்கின்றன.

கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, விதி ஒன்றே: முதலில் அனுமதி, பிறகு ஆராதனை.