புளியங்குளத்து ஓவியம் மலிவா?

ஏ9 வீதியோரப் புளியங்குளத்தில் வாடகை குறைவு, ஆகவே இணையத்தில் போடும் ஓவியத்துக்கும் விலை குறையவேண்டும் என்கிறார் நண்பர். வாடகையா தூரிகை பிடிக்கிறது? அக்ரிலிக்கும் கன்வஸும் கப்பலில் வருகின்றன. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது ஏ9 வீதிக்காரருக்கென்று யாரும் கழிவு தரவில்லை.

சதுர அங்குலத்துக்கு 50 ரூபாய் என்று வையுங்கள்: 12க்கு 16 அங்குலப் படம் 9,600. நாலு நாள் வேலை. சாமான், சட்டம், பொதி, கூரியர் எல்லாம் கழித்தால் மேசன் கூலிகூட மிஞ்சாது.

கொழும்புக் கலரியில் தரகோடு தொங்கும் படத்தை முகநூலில் பாதி விலைக்குப் போட்டால், கலரி அடுத்தமுறை கதவைச் சாத்தும். முழு விலை கொடுத்தவர் திட்டுவார். நியாயம்தானே.

"எங்கட பிள்ளைதானே, குறைச்சுத் தா" என்கிற லண்டன் மாமாவிடம் தபால் செலவையும் சேர்த்தே வாங்குங்கள்.