எண்ணை மாற்றி ஒரு கேள்வி

'மணிக்கொடி' இதழில் எழுதி, பிறகு 'எழுத்து' இதழிலும் எழுதியவர்கள் யார் யார்? ந. பிச்சமூர்த்தியும் சி. சு. செல்லப்பாவும் உடனே நினைவுக்கு வருவார்கள். மற்றவர்களைத் தேட 1933 தொடங்கி ஒன்றையும், 1959 தொடங்கி மற்றொன்றையும் இதழ் இதழாகப் புரட்ட வேண்டும். இணைப்புத் தரவு உருவானதே இத்தகைய கேள்விகளுக்காகத்தான்.

பக்கங்களுக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் ஊருக்கும் நூலுக்கும் தனித்தனி வலைமுகவரி கொடுங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி வையுங்கள் என்று 2006இல், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எழுதினார். இணைப்புத் தரவின் அடிப்படை இதுவே. அடுத்த ஆண்டே, விக்கிப்பீடியாவின் தகவல்களை இப்படித் தரவாக்கிய டிபிபீடியா வந்தது, 2012இல் விக்கிதரவு. விக்கிதரவில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸுக்கு 42.

இப்படித் தரவுக் கிடங்கு நிறைந்துவிட்டது. உள்ளே போகிறவர் எப்படி நடமாடுவது? வட்டங்களும் கோடுகளுமாய் ஒரு படம் போட்டுக் காட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. இருபது வட்டம் வரை அழகு. இருநூறானால் சிக்கெடுக்க முடியாத நூற்கண்டு. தரவு வலையாக இருப்பதால் அதை வலையாகவே காட்ட வேண்டியதில்லை என்று 2006இலேயே கணினியியல் ஆய்வாளர்கள் டேவிட் கார்கரும் எம். சி. ஷ்ரேஃபெலும் வாதிட்டார்கள். அவர்கள் பக்கமே நாமும். மனிதர்கள் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. ஒரு பட்டியலை எடுத்து, ஊரால் குறுக்கி, ஆண்டால் குறுக்கி, மிஞ்சியதைப் பார்க்கிறார்கள். பெர்னர்ஸ்-லீயின் குழு செய்த 'டேபுலேட்டர்' உலாவி இதை ஓரளவு உணர்ந்திருந்தது: ஒன்றை விரித்துப் பார்த்து, பிடித்த அமைப்பைக் காட்டினால், அதே அமைப்பில் உள்ள மற்றவற்றையெல்லாம் அட்டவணையாகவோ வரைபடமாகவோ தந்தது. அது பரவவில்லை.

இன்னொரு தொல்லை, திசை. விக்கிதரவில், எழுதியவர் யார் என்பது நூலின் பக்கத்தில் இருக்கும். எழுத்தாளர் பக்கத்துக்குப் போனால் அந்த நூல் அங்கே இல்லாமல் போகலாம். இரண்டையும் சேர்த்துக் காட்ட நிரலாளர் மாக்னஸ் மான்ஸ்கே 'ரீசனேட்டர்' என்ற கருவியைத் தனியே எழுத வேண்டியிருந்தது.

நம் முதல் கேள்விபோல் இரு நிபந்தனை வைத்துக் கேட்க ஸ்பார்க்கிள் என்ற வினவல்மொழி வேண்டும். அதை முறையாகக் கற்றவர்கள் குறைவு. பலரும் வேறொருவர் எழுதிய வினவலை நகலெடுத்து, எண்ணை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள். இதில் கேவலம் ஒன்றுமில்லை. கருவி செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய பழக்கம் இதுதான். மற்றவர்களுக்கு மிஞ்சுவது தேடல் முடிவின் ஓரத்தில் கூகுள் 2012 முதல் காட்டிவரும் பெட்டி. பிறந்த நாளும் ஊரும் சொல்லும். இரண்டாவது கேள்வியை அதனிடம் கேட்க முடியாது.

பழைய இதழ்களை வருடி இணையத்தில் ஏற்றிவரும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இதழின் பெயரும் ஆண்டும் குறித்தால் போதாது. ஒவ்வொரு படைப்புக்கும் எழுதியவரைக் குறியுங்கள். 'பிக்ஷு' என்ற புனைபெயரில் அச்சானதை அப்படியே பதிந்து, பிச்சமூர்த்தியின் எண்ணோடு இணையுங்கள். உலாவி எதுவானாலும், பதியாத ஒன்றை அது காட்டப்போவதில்லை.