"ஓனர் பாத்துக்குவாருங்க!"

போன வாரம் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறை. பிஎஸ்-6 வண்டி ஒன்று நின்றது. புகையின் விஷத்தை முறிக்கிற யூரியா டேங்கின் நீல மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. வாயைச் சுற்றி உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. டேஷ்போர்டோ டேங்க் நிறைந்திருப்பதாகக் காட்டுகிறது! ஸ்டியரிங்குக்குக் கீழே, டேப் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி. பொய் சொல்வதுதான் அதன் உத்தியோகம். "இது தப்பில்லையா தம்பி?" என்றேன். ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்காமல் பதில் வந்தது: "ஓனர் மாட்டச் சொன்னாருங்க, மாட்டறேன். ஏதாச்சும்னா அவர் பாத்துக்குவாருங்க."

இந்த "பாத்துக்குவாரு" இருக்கிறதே, கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜேம்ஸ் லியாங் என்றொரு பொறியாளர். ஃபோக்ஸ்வாகனில் 1983 முதல் உழைத்தவர். சோதனைக் கூடத்தில் மட்டும் டீசல் கார் சாதுவாக இருக்க வேண்டும், ரோட்டுக்கு வந்ததும் இஷ்டத்துக்குக் கக்க வேண்டும் என்று மென்பொருளில் தில்லுமுல்லு செய்த கூட்டத்தில் ஒருவர். நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைத் தாண்டி 40 மடங்கு வரை போனது. கம்பெனி விசுவாசம் கண்ணை மறைத்துவிட்டது என்று வக்கீல் மன்றாடினார். அரசுத் தரப்பே 3 வருஷம் போதும் என்றது. டெட்ராய்ட் நீதிபதி 2017 ஆகஸ்டில் 40 மாதம் போட்டார். மேற்கொண்டு 2 லட்சம் டாலர் அபராதம். அப்போதைய கம்பெனித் தலைவர் மார்ட்டின் வின்டர்கார்ன் மீதும் அமெரிக்காவில் வழக்கு உண்டு; ஆனால் ஜெர்மனி தன் குடிமகனை அங்கே அனுப்பாது. லியாங் ஜெயிலுக்குப் போனார், தலைவர் வீட்டில் இருந்தார். பார்த்துக்கொண்ட லட்சணம்!

"அது அமெரிக்கா சார்" என்பார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) என்ன கொஞ்சுகிறதா? புகை விதியை மீறிய வண்டியை ஓட்டினாலும் குற்றம், ஓட்டவிட்டாலும் குற்றம். முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே 3 மாதம் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் போனால் யார் வீட்டு அடுப்பு அணையும்? ஓனர் வீட்டு அடுப்பா?

யூரியாக் காசு மிச்சமாவது அவருக்கு. மாட்டிய கைக்கு ஒரு டீயும் வடையும். வண்டி முகப்பில் குலதெய்வத்தின் பெயர், பம்பரில் எலுமிச்சம்பழம்; பின்னால் வருகிறவன் மூக்கில் விஷம். இதில் புகைச் சான்றிதழ்க் கடைகளைப் பற்றி என் வாயைக் கிளறாதீர்கள். புகைக்குழாய்ப் பக்கமே போகாமல் சான்றிதழ் அடித்துக் கொடுப்பதை இரண்டு கண்ணாலும் பார்த்தவன் நான். கேட்டால் அங்கேயும் அதே பல்லவி: "ஓனர் சொன்னாருங்க." லியாங்கின் வக்கீலும் இதைத்தானே சொன்னார்?

தம்பி, அடுத்த முறை அந்தப் பெட்டியை மாட்டச் சொன்னால், அதையே லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஓனர் பேனாவைத் தொடுகிறாரா, பார்ப்போம்.