மூலம் வேறு, நகல் வேறு



ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு டிவி பெட்டியைப் பற்றி என்ன பேச்சு என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைத்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு வந்திருந்த மகன், வீட்டு டிவியில் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவு கணினியை மாட்டி, அதில் கோடி என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். பழைய பாட்டு, படம் எல்லாம் அதில்தான் பார்க்கிறேன். மெனுவுக்குப் பின்னால் நம் புகைப்படங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருக்கும்படியும் செய்துவிட்டுப் போனான். நானும் ஆசை ஆசையாக, ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து வைத்திருந்த வகுப்புக் குழுப் படங்களை எல்லாம் அந்த ஃபோல்டரில் போட்டேன்.

அன்றிலிருந்து தொல்லை. படம் மாறும் நேரத்தில் ரிமோட்டை அழுத்தினால் மெனு அப்படியே உறைந்து நிற்கும். இரண்டு தடவை பெட்டி தானாகவே அணைந்து எழுந்தது. மகனுக்குப் போன் போட்டேன். "பழைய பெட்டிப்பா, ஒரு ஜிபி மெமரிதான். புதுசு வாங்கி அனுப்பிடறேன்" என்றான். அண்ணன் மகன் வேறு வழி சொன்னான்: "சித்தப்பா, எல்லாத்தையும் சின்னதாக்கிட்டு பெரிய ஃபைலை டெலீட் பண்ணிடுங்க. இடமும் மிச்சம்."

இரண்டு யோசனையும் தவறு என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணக்கு. எட்டு அங்குலத்துக்கு ஆறு அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அகலம் 4800, உயரம் 3600. பெருக்கினால் 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள். திரையில் காட்ட ஒரு புள்ளிக்கு 4 பைட் வேண்டும். ஆக, ஒரே ஒரு படத்துக்கு ஏறக்குறைய 69 எம்பி மெமரி. என் டிவியோ 1920-க்கு 1080. அதன் உயரத்துக்குள் இந்தப் படம் அடங்க 1440-க்கு 1080 புள்ளிகள் போதும். அதற்கு வேண்டிய மெமரி சுமார் 6 எம்பி. அதாவது பதினொரு மடங்கு சுமையைத் தூக்கி வந்து, திரையில் காட்டும்போது பதினொன்றில் பத்துப் பங்கைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது அந்தப் பாவப்பட்ட பெட்டி. குறை பெட்டியில் இல்லை. ஏற்றிய மூட்டையில் இருக்கிறது.

அடுத்து, எந்த வகை ஃபைல் என்ற கேள்வி. ஸ்டுடியோ தம்பி எல்லாவற்றையும் பிஎன்ஜி வகையில் கொடுத்திருந்தார். "அதுதான் சார் உயர்ந்த தரம்" என்றார். இதை உங்களுக்கு வருகைப் பதிவேட்டை வைத்து விளக்குகிறேன். நாற்பது பேருக்கும் தனித்தனியாக எழுதாமல், "3, 17 வரவில்லை, மற்றவர் வந்தனர்" என்று எழுதினால் இடம் மிச்சம். ஒரு விவரமும் குறையவில்லை. பிஎன்ஜி செய்வது இந்த மாதிரி சுருக்கம். ஒரே நிறம் பரந்து கிடக்கும் சின்னம், எழுத்து, கோட்டுப்படம் இவற்றுக்கு அருமையானது. புகைப்படத்தில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியிலிருந்து சற்றே மாறும். அங்கே இந்தச் சுருக்கம் அதிகம் பலிக்காது. ஃபைல் பெரிதாகவே இருக்கும். சின்னக் கணினிக்கு அதைப் படித்து விரிப்பதும் பெரிய வேலை.

1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் வேறு மாதிரி. படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடும். பாடத்தின் சாரத்தை மட்டும் குறிப்பெடுக்கிற நல்ல மாணவன் மாதிரி. தூரத்திலிருந்து டிவியில் பார்க்கும் புகைப்படத்துக்கு அது தாராளமாகப் போதும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அளவைக் குறைக்காமல் பிஎன்ஜியை ஜேபெக்காக மட்டும் மாற்றினால் டிஸ்கில் இடம் குறையும், படிப்பதும் சுலபமாகும்; திரைக்கு விரிக்கும்போது அதே 69 எம்பிதான். வகையை மாற்றுவது பாதி வேலை; அளவைத் திரைக்குத் தக்கபடி குறைப்பதுதான் மீதி. சிலர் செய்வதுபோல ஜேபெக்கைப் பிஎன்ஜியாக மாற்றினாலும் போன தரம் திரும்பாது. ஜெராக்ஸ் காப்பியைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்த கதைதான்.

ஐபோன்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 முதல் உங்கள் போன்கள் ஹெச்இஐசி என்ற வகையில் படத்தைச் சேமிக்கின்றன. இடம் குறைவாக எடுக்கும் நல்ல வகைதான். ஆனால் பல டிவி பெட்டிகள் அதைத் திறக்காது. டிவிக்கென்று எடுக்கும் நகலை ஜேபெக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் செய்தது இதுதான். இர்ஃபான்வியூ என்ற இலவச மென்பொருளில், மொத்தப் படங்களையும் ஒரே மூச்சில் 1080 உயரத்துக்குக் குறைத்து, ஜேபெக்காக 85 தரத்தில், 'டிவி' என்ற தனி ஃபோல்டரில் சேமித்தேன். அரை மணி நேர வேலை. இப்போது மெனு வழுக்கிக்கொண்டு போகிறது. புதுப் பெட்டி வாங்கும் செலவு மிச்சம். மூலப் படங்களோ 'மூலம்' என்ற ஃபோல்டரில், ஒரு புள்ளி குறையாமல், இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன.

அவற்றை ஏன் அழிக்கவில்லை என்கிறீர்களா?

போன மாதம் 1989 பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மாரடைப்பில் போய்விட்டான். உங்களில் பலருக்குத் தெரியும். குழுப் படத்தில் கடைசி வரிசை, இடமிருந்து மூன்றாவது. காரியத்துக்கு முந்தின நாள் அவன் மகள் போன் செய்து, "சார், அப்பா சின்ன வயசுல இருக்கிற போட்டோ எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல" என்றாள். டிவி நகலில் அவன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் எது, நிழல் எது என்று தெரியவில்லை. மூலத்தைத் திறந்தேன். சட்டைக் காலர் கிழிந்து தைத்திருந்ததுகூடத் தெரிந்தது. அதை வெட்டி அனுப்பினேன். இன்று அவர்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இருக்கிறது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். 1994 சுற்றுலாப் படங்களையும் இப்படித்தான் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டதே என்று மூல ஃபைல்களை நானே அழித்தேன். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது என்று அப்போது தெரியாது. அச்சுப் படங்களையும் கரையான் தின்றுவிட்டது. இன்று அந்தப் பிள்ளைகளின் முகங்கள் என்னிடம் தீப்பெட்டி அளவில்தான் இருக்கின்றன. எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பித் தர முடியாது. இல்லாத கண்ணையும் மூக்கையும் ஊகித்து வரையலாம். அது அந்தப் பிள்ளையின் முகம் ஆகாது.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான்: பார்ப்பதற்கு நகல், காப்பதற்கு மூலம். டிவிக்காக மூலத்தைச் சுருக்காதீர்கள். மூலம் பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் பெட்டியை மாற்றாதீர்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பதுபோல ஒவ்வொரு தடவையும் தேயும்; திருத்தம் எல்லாம் நகலில் மட்டும் இருக்கட்டும்.

இனி வேண்டுகோள். 1994 சுற்றுலாவில் எடுத்த அச்சுப் படம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், சுருங்காமல் வரும். ஆல்பத்திலிருந்து பிய்க்க வராவிட்டால் ஆல்பத்தோடு கொண்டு வாருங்கள். வீட்டில்தான் இருக்கிறேன். நீங்கள் வந்தால் டிவியில் உங்கள் பழைய முகமும் ஒரு சுற்று வரும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்